மென்பொருளின் சார்பு வரைபடம்

பெங்களூரு நகரத்து வீடுகளுக்குக் குழாய் வழியே வரும் காவிரி நீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து வருவதாகும். தொரெகாடனஹள்ளியில் தூய்மை செய்யப்படும் அந்நீரை அவ்வூரிலும், வழியில் ஹாரோஹள்ளியிலும் தாதகுணியிலும் அமைந்துள்ள இறைப்பு நிலையங்கள் படிப்படியாக மேலேற்றுகின்றன. மொத்த ஏற்றம் சுமார் 500 மீட்டர். நகரில் குழாயைத் திறந்து குடம் பிடிப்பவர் இந்நிலையங்களின் பெயரைக்கூட அறியாதிருக்கலாம். எனினும், அவற்றுள் ஒன்றில் பம்புகள் நின்றுவிட்டால் அவருடைய குழாய் வறண்டுபோகும். வீட்டுக் குழாய் தெருக் குழாயை நேராகச் சார்ந்துள்ளது; தொலைவிலுள்ள இறைப்பு நிலையத்தை மறைமுகமாகச் சார்ந்துள்ளது. நேர்ச் சார்பு கண்ணுக்குத் தெரியும். மறைமுகச் சார்பைக் காண ஒரு வரைபடம் வேண்டும்.

அதே பெங்களூருவில் பல்லாயிரக்கணக்கானோர் ஈடுபட்டுள்ள மென்பொருள் தொழிலிலும் இவ்விருவகைச் சார்புகளே பெரும் பொருளாக விளங்குகின்றன. அவற்றை எவ்வாறு படமாக வரைவது, அப்படம் எப்போது படிக்கத்தக்கதாக அமைகிறது என்பவை இங்கு விளக்கப்படுகின்றன.

சார்பு என்பது யாது?

கணிப்பொறிக்கு இடப்படும் கட்டளைத் தொகுதியே மென்பொருள். இன்று எந்த மென்பொருளும் முழுவதும் ஒரே கையால் எழுதப்படுவதில்லை. தேதியைக் கணக்கிடுதல், எழுத்துகளை அச்சுக்கு ஏற்ப அடுக்குதல், நடந்தவற்றைக் குறித்துவைத்தல் போன்ற பொதுப் பணிகளுக்குப் பிறர் எழுதி வெளியிட்ட ஆயத்தத் தொகுப்புகளை எடுத்துச் சேர்த்துக்கொள்வது வழக்கம். அத்தொகுப்புகள் வேறு தொகுப்புகளைச் சேர்த்துக்கொண்டிருக்கும். அவையும் பிறவற்றைச் சேர்த்துக்கொண்டிருக்கும். இவ்வாறு பத்துத் தொகுப்புகளைத் தெரிந்தெடுத்த ஒருவர், தாம் அறியாமலே நூற்றுக்கணக்கானவற்றின்மேல் தம் வேலையை நிறுத்திவிடுகிறார்.

இதன் விளைவு 2016-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் உலகறிய வெளிப்பட்டது. ‘லெஃப்ட்-பேட்’ என்னும் மிகச் சிறிய தொகுப்பு ஒன்று, சொல்லின் இடப்புறத்தில் வெற்றிடமோ சுழியோ சேர்த்து அதனை வேண்டிய நீளமாக்கும் பணியை மட்டும் செய்து வந்தது. அதில் இருந்தவை 11 வரிகளே. அதனை எழுதியவர் பொதுக் களஞ்சியத்திலிருந்து அதனை நீக்கியவுடன், உலகெங்கும் எண்ணற்ற மென்பொருள்களைக் கட்டியமைக்கும் பணி தடைப்பட்டது. தடைப்பட்டவர்களுள் பலர் அத்தொகுப்பின் பெயரையே அன்றுதான் முதன்முதலாகக் கேள்வியுற்றனர். சில மணி நேரத்துக்குள் அது களஞ்சியத்தில் மீண்டும் வைக்கப்பட்டது.

2021-ஆம் ஆண்டு டிசம்பரில் நேர்ந்தது இதனினும் கடுமையானது. ஜாவா மொழியில் எழுதப்படும் மென்பொருள்களில் நிகழ்ச்சிகளைக் குறித்துவைக்கப் பயன்படும் ‘லாக்ஃபோர்ஜே’ என்னும் தொகுப்பில் பெருங்குறை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. திட்டமிட்டு அமைத்த ஒரு சொற்றொடரை அத்தொகுப்பு குறித்துக்கொள்ளும்படி செய்தால் போதும். வெளியார் ஒருவர் தம் கட்டளைகளை அக்கணிப்பொறியில் இயக்கிவிட முடியும். குறைகளின் கடுமையை அளக்கும் 10 புள்ளி அளவுகோலில் இதற்கு 10 புள்ளிகளும் கொடுக்கப்பட்டன. அம்மாதத்திலேயே கூகுள் நிறுவனத்தார், லாக்ஃபோர்ஜேயின் இரு பகுதிகளையும் சேர்த்து எடுத்த முதற் கணக்கின்படி, ஜாவா மொழிக்குரிய பெரும் களஞ்சியத்தில் 35,000-க்கு மேற்பட்ட தொகுப்புகள் அதனைச் சார்ந்திருந்தன. அவற்றுள் நேராகச் சார்ந்தவை ஏறத்தாழ 7,000 மட்டுமே. ஏனையவை இடையிலுள்ள தொகுப்புகளின் வழியாகச் சார்ந்தவை; பெரும்பாலானவற்றில் குறை ஐந்து படிகளுக்குக் கீழே புதைந்திருந்தது. “எங்கள் மென்பொருளில் அது உள்ளதா?” என்ற எளிய வினாவுக்கு விடை காண்பதற்கே பல அலுவலகங்களில் நாட்கள் பல கழிந்தன. அந்நாட்களில் கதவு திறந்தே கிடந்தது.

புள்ளியும் அம்பும்

சார்புகளைப் பட்டியலாக எழுதலாம். ஆனால் பட்டியல் ஒரு வேளையில் ஓர் உறவை மட்டுமே சொல்லும். உறவுகளின் தொடரைச் சொல்லாது. அதற்குப் பொருந்தும் கணிதக் கருவி கோட்டுரு எனப்படும். 1736-ஆம் ஆண்டில் ஆய்லர் என்னும் கணித மேதை, கோனிக்ஸ்பெர்க் நகரின் ஏழு பாலங்களையும் ஒவ்வொரு முறை மட்டுமே கடந்து உலாவி வர முடியுமா என்ற புதிரை ஆராய்ந்தார். தெருக்களின் நீளமோ ஆற்றின் வளைவோ அதற்கு வேண்டியதில்லை, எந்த நிலப்பகுதி எதனோடு இணைந்துள்ளது என்பது மட்டுமே போதும் என்று அவர் காட்டினார். நிலப்பகுதியைப் புள்ளியாகவும் பாலத்தைக் கோடாகவும் கொள்ளும் இம்முறையிலிருந்தே கோட்டுருக் கணிதம் வளர்ந்தது.

மென்பொருளுக்கு இதனைப் பொருத்தும்போது ஒவ்வொரு தொகுப்பும் ஒரு புள்ளி. ஒவ்வொரு சார்பும் ஓர் அம்பு. சார்ந்திருப்பதிலிருந்து சார்ந்திருக்கப்படுவதை நோக்கி அம்பு செல்லும் என்று கொள்வது பெருவழக்கு. எத்திசை எப்பொருளைத் தருகிறது என்பதைப் படத்தின் ஓரத்தில் எழுதிவைப்பது இன்றியமையாதது. அது எழுதப்படாத படத்தை இருவர் இருவேறு விதமாகப் படிக்க நேரும்.

ஓர் எடுத்துக்காட்டு

பள்ளி ஒன்றில் மதிப்பெண் பட்டியலை ஆயத்தம் செய்யும் சிறு மென்பொருளைக் கருதலாம். அதில் பட்டியல், அச்சு, கணக்கீடு, பதிவேடு, சேமிப்பு, எழுத்துரு, குறிப்பேடு என ஏழு பகுதிகள் உள்ளன என்க. நிகழ்ந்தவற்றைக் குறித்துவைப்பது குறிப்பேட்டின் வேலை. பட்டியல் என்னும் பகுதி அச்சையும் கணக்கீட்டையும் பதிவேட்டையும் சார்ந்துள்ளது. அச்சு எழுத்துருவையும் குறிப்பேட்டையும் சார்ந்துள்ளது. கணக்கீடு பதிவேட்டையும், பதிவேடு சேமிப்பையும், சேமிப்பு குறிப்பேட்டையும் சார்ந்துள்ளன. ஆக மொத்தம் எட்டு அம்புகள்.

ஏழு புள்ளிகளையும் தாளில் கண்டபடி வைத்து எட்டு அம்புகளையும் வரைந்தால், நூற்கண்டு சிக்கியதுபோன்ற படம் கிடைக்கும். உண்மை முழுவதும் அதில் இருக்கும். ஆனால் படிப்பவருக்கு அது விளங்காது. அதனைச் சீர்செய்யும் படிகள் மூன்று.

முதலாவது, அடுக்குகளாகப் பிரித்தல். வேறெதனையும் சாராத எழுத்துருவும் குறிப்பேடும் அடிமட்டத்தில் நிற்கும். அவற்றை மட்டும் சார்ந்த அச்சும் சேமிப்பும் இரண்டாம் அடுக்கு. பதிவேடு மூன்றாம் அடுக்கு. கணக்கீடு நான்காம் அடுக்கு. பட்டியல் உச்சியில், ஐந்தாம் அடுக்கில் அமையும். இப்போது எல்லா அம்புகளும் கீழ்நோக்கியே செல்லும். படிப்பவரின் கண்ணும் ஒரே திசையில் இறங்கும்.

இரண்டாவது, கோடுகள் வெட்டிக்கொள்வதைக் குறைத்தல். இரண்டாம் அடுக்கில் அச்சை இடப்புறமும் சேமிப்பை வலப்புறமும் வைத்துவிட்டு, அடிமட்டத்தில் குறிப்பேட்டை இடப்புறமும் எழுத்துருவை வலப்புறமும் வைத்தால், அச்சிலிருந்து எழுத்துருவுக்குச் செல்லும் கோடும் சேமிப்பிலிருந்து குறிப்பேட்டுக்குச் செல்லும் கோடும் வெட்டிக்கொள்ளும். அடிமட்டத்தின் இரு புள்ளிகளையும் இடம் மாற்றினால் வெட்டு மறைந்துவிடும். செய்தியில் எந்த மாற்றமும் இல்லை. இடம் மட்டுமே மாறியது.

மூன்றாவது, மிகையான அம்பை நீக்குதல். பட்டியல் கணக்கீட்டையும், கணக்கீடு பதிவேட்டையும் சார்ந்திருப்பதால், பட்டியல் பதிவேட்டைச் சார்ந்துள்ளது என்பது அவ்வழியே விளங்கிவிடும். ஆதலின் பட்டியலிலிருந்து பதிவேட்டுக்கு நேராகச் செல்லும் அம்பைப் படத்தில் விட்டுவிடலாம். எட்டு அம்புகள் ஏழாகும். இவ்வகைச் சுருக்கத்தின் கணித முறையை ஆஹோ, கேரி, உல்மன் ஆகிய மூவர் 1972-இல் வெளியிட்டனர். இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. படத்தில் விட்ட அம்பைக் கணக்கேட்டில் விட்டுவிடலாகாது. பதிவேட்டின் அமைப்பு மாறும்போது கணக்கீடு பாதிக்கப்படாமல், நேராகச் சார்ந்த பட்டியல் மட்டும் பழுதாதலும் கூடும்.

இப்போது குறிப்பேட்டில் குறை கண்டுபிடிக்கப்பட்டதாகக் கொள்க. அதில் வந்து முடியும் அம்புகளைப் பின்னோக்கித் தொடர்ந்தால் அச்சும் சேமிப்பும் நேராகப் பாதிக்கப்படுவன என்பது தெரியும். மேலும் ஏறிச் சென்றால் பதிவேடு, கணக்கீடு, பட்டியல் ஆகிய மூன்றும் மறைமுகமாகப் பாதிக்கப்படுவன. தப்பியது எழுத்துரு ஒன்றே. லாக்ஃபோர்ஜே நிகழ்ச்சியில் பலர் நாட்கணக்கில் தேடிய விடை இத்தகையதே. படம் கையில் இருந்தால் அது ஒரு நிமிட வேலை.

சுழலைக் கண்டறிதல்

சில சமயம் ஒன்றையொன்று சார்ந்து வட்டமாகச் சுழலும் பகுதிகள் அமைந்துவிடுகின்றன. மேற்கண்ட எடுத்துக்காட்டில் சேமிப்பானது கணக்கீட்டைச் சார்ந்து எழுதப்பட்டுவிட்டால், கணக்கீடு, பதிவேடு, சேமிப்பு ஆகிய மூன்றும் ஒரு சுழலாகிவிடும். அவற்றுள் எதனையும் தனியே கட்டவோ, சோதிக்கவோ, மாற்றவோ இயலாது. எது முதல், எது அடுத்தது என்ற வரிசையும் கிடையாது.

இதனைக் கண்டறிய ஆர்தர் கான் என்பவர் 1962-இல் வெளியிட்ட எளிய வழியைக் கையாளலாம். எதனையும் சாராத பகுதியை முதலில் அடித்துவிட வேண்டும். அதனால் சார்பு நீங்கிய பகுதிகளை அடுத்து அடிக்க வேண்டும். இவ்வாறே தொடர்ந்தால், அடித்த வரிசையே அவற்றைக் கட்டுவதற்குரிய வரிசையாகும். இறுதியில் அடிக்க முடியாமல் சில பகுதிகள் எஞ்சி நின்றால் அவற்றினிடையே சுழல் உள்ளது என்பது உறுதி. பெருந்திட்டங்களின் பணிகளை வரிசைப்படுத்தும் வலையமைப்புகளுக்காகவே இம்முறை முதலில் கருதப்பட்டது. அணை, பாலம் முதலிய கட்டுமானங்களின் பணி வலைப்படங்களைக் கண்டு பழகிய கள அலுவலருக்கு இது புதியதன்று.

இயந்திரம் வரையும் படம்

ஏழு புள்ளிகளைக் கையால் ஒழுங்கு செய்யலாம். எழுநூறு புள்ளிகளுக்குக் கணிப்பொறியே வேண்டும். அடுக்காக்குதல், வெட்டுகளைக் குறைத்தல், இடம் திருத்துதல் என்னும் முறையினை ஜப்பானைச் சேர்ந்த கோசோ சுகியாமாவும் அவருடைய துணைவர்களும் 1981-இல் முழுமையாக வகுத்தனர். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடங்களில் தோன்றிய ‘கிராஃப்விஸ்’ என்னும் வரைவுக் கருவி இவ்வழியைப் பின்பற்றிப் பரவலான பயன்பாட்டுக்கு வந்தது. அதற்குப் புள்ளிகளின் இடத்தைச் சொல்ல வேண்டுவதில்லை. எது எதனைச் சார்ந்தது என்பதை வரிக்கு ஒன்றாக எழுதிக் கொடுத்தால் போதும்.

வெட்டுகளின் எண்ணிக்கையை இயன்ற அளவு குறைத்தல் எளிய செயலன்று. கேரி, ஜான்சன் இருவரும் 1983-இல் இது மிகக் கடினமான கணக்குகளின் வகையைச் சேர்ந்தது என மெய்ப்பித்தனர். ஆகவே கணிப்பொறி, ஒவ்வொரு புள்ளியையும் அதனோடு இணைந்த அண்டைப் புள்ளிகளின் சராசரி இடத்துக்கு நேரே நகர்த்துவது போன்ற நடைமுறை விதிகளால் நல்லதொரு படத்தை அடைகிறது. மிகச் சிறந்த படம் என்று உறுதி கூறுவதில்லை. இம்முயற்சி வீணன்று. 1997-இல் ஹெலன் பர்ச்சேஸ் என்னும் ஆய்வாளர் மக்களிடம் படங்களைக் கொடுத்து வினாக்கள் கேட்டுச் சோதித்தபோது, படத்தைப் புரிந்துகொள்வதற்கு மிகப் பெரிய தடையாக இருந்தவை கோடுகளின் வெட்டுகளே என்பது தெரியவந்தது.

ஒரு படம், ஒரு வினா

எனினும் வெட்டுகளை எவ்வளவு குறைத்தாலும், ஆயிரம் புள்ளிகள் கொண்ட படம் சுவரை அலங்கரிக்கவே உதவும். படிக்கத்தக்க படத்தின் முதல் இலக்கணம், அது எவ்வினாவுக்கு விடையாக வரையப்பட்டது என்பதேயாகும். லண்டன் சுரங்க இரயிலுக்கு ஹாரி பெக் வரைந்து 1933-இல் வெளியான படம் தெருக்களையும் தொலைவுகளையும் விட்டுவிட்டது. எங்கே ஏறி, எங்கே மாறி, எங்கே இறங்குவது என்ற ஒரே வினாவை எடுத்துக்கொண்டது. பெங்களூரு மெட்ரோவின் நிலையங்களில் காணப்படும் வழித்தடப் படமும் அவ்வழியில் வந்ததே. பயணி அதனைக் கொண்டு கெம்பேகவுடா நிலையத்தில் வண்ணத் தடம் மாறிக்கொள்கிறார். குழாயைச் செப்பனிட வரும் பொறியாளருக்கு அப்படம் உதவாது. அவருக்கு வேறு படம் உண்டு.

இதற்கு மென்பொருள் துறையிலிருந்து பெங்களூருவிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. எலக்ட்ரானிக் சிட்டியிலுள்ள பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்பக் கழகத்தில் 2018-இல் தொடங்கப்பட்ட ‘மோசிப்’ என்னும் திறந்த மூல மென்பொருள், நாடுகள் தத்தம் குடிமக்களுக்கு அடையாள எண் வழங்குவதற்கு உதவுவது. பிலிப்பைன்ஸ், மொராக்கோ, எத்தியோப்பியா முதலிய நாடுகள் இதனை மேற்கொண்டுள்ளன. பெயருக்கேற்ப இது தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்துக் கட்டப்பட்டது. முன்பதிவுக்கு ஒரு பகுதி. பதிவு நிலையத்தில் விவரங்களைத் திரட்ட ஒரு பகுதி. திரட்டியதைச் சரிபார்த்து எண் வழங்க ஒரு பகுதி. விவரங்களைக் காக்கும் களஞ்சியம் ஒன்று. வங்கியோ அலுவலகமோ கேட்கும்போது ஆளை மெய்ப்பிக்கும் பகுதி ஒன்று. மறைக்குறியீட்டுச் சாவிகளைப் பேணும் பகுதி ஒன்று.

இத்தகைய மென்பொருளுக்கு ஒரே படம் போதாது. புதிதாக வரும் பொறியாளருக்கும் ஒரு நாட்டின் அதிகாரிக்கும் ஏறத்தாழ பத்துக் கட்டங்களில் மேற்கண்ட பகுதிகளை மட்டும் காட்டும் படம் வேண்டும். சாவிகளைப் பேணும் பகுதியைப் பல பகுதிகள் நாடுவதை அதில் கண்டவுடன், அது பழுதானால் எவையெவை நிற்கும் என்பதை அவர்கள் உணர்வர். பாதுகாப்பு அலுவலருக்கு வேண்டியது வேறு. குறையுள்ள ஒரு தொகுப்பை நடுவில் வைத்து, அதன்மேல் நிற்பனவற்றை மட்டும் காட்டி, ஏனையவற்றை விட்டுவிடும் படமே அவருக்கு உதவும். பகுதிகளைப் பிரித்துச் சீரமைக்க விரும்புபவருக்குச் சுழல்களை மட்டும் காட்டும் படம் போதும். மூன்றும் ஒரே கணக்கேட்டிலிருந்து எடுக்கப்படுவன.

கணக்கேடு

படத்துக்கு அடிப்படையாவது அக்கணக்கேடே. மென்பொருளில் அடங்கிய தொகுப்புகள், அவற்றின் பதிப்பு எண்கள், ஒன்றுக்கொன்று உள்ள சார்புகள் ஆகியவற்றைப் பதிவுசெய்யும் உறுப்புப் பட்டியலைப் பேணுவதற்கான நெறிமுறைகளை ‘செர்ட்-இன்’ என்னும் மத்திய அரசின் கணிப்பொறிப் பாதுகாப்பு அமைப்பு 2024-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் வெளியிட்டது. மருந்துப் புட்டியின் மேல் உட்பொருள்களை அச்சிடுவதைப் போன்றது இது.

இப்பட்டியலைக் கையால் எழுதலாகாது. ஜாவா மொழியில் ‘மேவன்’ போன்ற கட்டமைப்புக் கருவிகள் சார்புகளை மரம்போல விரித்துத் தாமே எழுதித் தருகின்றன. மென்பொருளைக் கட்டும் ஒவ்வொரு முறையும் அதனைப் புதிதாக எடுத்துப் படத்தையும் புதிதாக வரைவதே முறை. சென்ற ஆண்டு ஒருவர் வரைந்து சுவரில் ஒட்டிய படம், படமே இல்லாததைக் காட்டிலும் தீங்கானது; அதனை நம்பி ஒருவர் “எங்களிடம் அது இல்லை” என்று விடையளித்துவிடக்கூடும். மேலும், கட்டும்போது சேர்க்கப்படாமல், இயங்கும்போது தொலைவிலுள்ள வேறொரு கணிப்பொறியை நாடும் சார்புகள் இப்பட்டியலில் இடம்பெறுவதில்லை. அவற்றைத் தனியே விசாரித்துச் சேர்க்க வேண்டும். படத்தில் தேதியும் பதிப்பு எண்ணும் எழுதப்பட வேண்டும்.

வகுப்பறையில்

இப்பாடத்துக்குக் கணிப்பொறி தேவையில்லை. மதிப்பெண் பட்டியலின் ஏழு பகுதிகளை ஏழு அட்டைகளில் எழுதி மாணவர் எழுவர் கையில் கொடுக்கலாம். ஒவ்வொருவரும் தாம் சார்ந்திருப்பவரை நோக்கி ஒரு நூலை நீட்டட்டும். முதலில் கண்டபடி நின்று நூல்கள் சிக்குவதைக் காணட்டும். பிறகு அடிமட்டத்தார் முன்வரிசையிலும் ஏனையோர் அடுக்கடுக்காகப் பின்னும் நின்று சிக்கலைத் தாமே அவிழ்க்கட்டும். குறிப்பேட்டை ஏந்திய மாணவர் தம் கையிலுள்ள நூல்களை மெல்ல இழுத்தால், இழுப்பை உணர்ந்தவர் கையை உயர்த்த வேண்டும்; அவருடைய நூலைப் பற்றியிருப்பவரையும் அவர் இழுக்க வேண்டும். ஐவர் கை உயரும். எழுத்துருவை ஏந்தியவர் கை மட்டும் உயராது. அதன்பின், தம் ஊர்க் குழாய் நீரோ, பள்ளிச் சத்துணவோ, பேருந்தோ எவற்றையெல்லாம் சார்ந்துள்ளது என்று வரைந்து வரும்படி மாணவர்க்குக் கூறலாம். வரைந்த படத்தில் மிகுதியான அம்புகள் வந்து சேரும் புள்ளி எது, அது நின்றுபோனால் மாற்று வழி உண்டா என்பதை அவர்கள் அடுத்த நாள் வகுப்பில் சொல்ல வேண்டும்.